ஐந்து நிமிடத்துக்குச் செல்லுபடியாகும்

முரசுமோட்டைத் தவராசா எழுதிய சேர்வருக்கு இந்த உலகத்தில் ஒரேயொரு வாடிக்கையாளர்தான். அதுவும் ஒரு கொம்பியூட்டர். இரண்டுக்கும் நடுவில் ஒரு முற்றம், ஒரு வேப்பமரம், வேப்பமரத்தில் கட்டியிருந்த ஒரு கறுத்த வயர். மற்ற நாடுகளின் சேர்வர்கள் எல்லாம் கோடிக்கணக்கான சனத்துக்குப் பதில் சொல்லிக் களைத்துக்கொண்டிருந்த 2001ஆம் ஆண்டில், தர்மபுரத்துச் சேர்வர் முற்றத்துக்கு அந்தப் பக்கத்தில் இருந்த இராசமலரின் மேசைக்கு மட்டும் பதில் சொன்னது. ஆனால் முறையாகச் சொன்னது, மரியாதையோடு சொன்னது. வன்னியில் அப்போது முறையாக நடந்த காரியங்கள் மிகக் குறைவு என்பதால் இதை எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

சேர்வர் என்பது பெரிய சங்கதியல்ல. ஒரு கொம்பியூட்டர் 'இந்தப் பக்கத்தைத் தா' என்று கேட்டால் இன்னொன்றிலிருந்து எடுத்துக் கொடுக்கிற வேலைக்காரன். கந்தோர்ப் பியோன் மாதிரி. வெளியிடங்களில் இந்தப் பியோன் ஆயத்தமாகவே கிடைப்பான். வன்னிக்கு ரோச் லைற் பற்றரி வரவே அரசாங்கத் தடை. பியோனை யார் கொண்டுவருவது? ஆகவே தவராசா தாமே குந்தியிருந்து அவனை எழுதி உண்டாக்கினார்.

அவரது வாழ்க்கை வரலாறு அதிகம் மை செலவழிக்காது. தகப்பன் வடமராட்சியிலிருந்து இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி முரசுமோட்டைக்கு வந்து, காடு வெட்டி வயலாக்கியவர். மகன், வயலில் இறங்கினால் காலில் சேறு ஒட்டும் என்பதை இளமையிலேயே ஆராய்ந்து அறிந்து, கொழும்புக்குப் போய்க் கொம்பியூட்டர் படித்தார். 1990இல் சண்டை திரும்பவும் தொடங்க, ஊருக்கு வந்து சேர்ந்தார். அவர் வந்து சேர்ந்த கையோடு மின்சாரம் ஊரைவிட்டுப் போய்விட்டது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று அவர் கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். அதன் பிறகு பல வருஷம், கொழும்பில் கொம்பியூட்டர் படித்த மனிதர் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ பாட வைத்துக்கொண்டிருந்தார்.

1996இல் கிளிநொச்சிப் பக்கம் ஆமியின் செல் விழத் தொடங்கி, முரசுமோட்டைச் சனம் வெளிக்கிட்டபோது, சைக்கிள் கரியரில் இடம் கொஞ்சம்தான் இருந்தது. தவராசா 'சி' என்ற கொம்பியூட்டர் மொழிப் புத்தகத்தைப் பொலித்தீனில் சுற்றிக் கட்டினார். மனைவி விமலேஸ்வரி இடியப்ப உரலைக் கட்டினாள். போய்ச் சேர்ந்த தர்மபுரத்துக் கொட்டிலில் இரண்டில் எது கூடுதலாகப் பயன்பட்டது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதில் அவளுக்குத் தனித் திறமை இருந்தது.

விமலேஸ்வரிக்குக் கண்ணில் பிறஷர். இடது கண்ணின் பார்வை முந்திய வருஷமே போய்விட்டது. போகும் மட்டும் அது தலையிடி என்று நினைத்துப் பனடோல் போட்டுக்கொண்டிருந்தாள். வலது கண்ணிலும் ஓரங்கள் கறுக்கத் தொடங்கியிருந்தன. குசினியில் அடுப்பு தெரியும், அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற சட்டி தெரியாது. வன்னியில் கண் சத்திரசிகிச்சை நிபுணர் இல்லை. வவுனியாவுக்கும் அவர் சில மாதங்களுக்கு ஒருமுறைதான் வருவார். அடுத்தமுறை அவர் வரும்போது கட்டாயம் கொண்டுபோங்கோ, அதற்கு அடுத்தமுறைக்குக் கண் நிற்காது என்று துளிமருந்து கொடுத்த டொக்டர் சொல்லிவிட்டார். போவதற்கு ஒரே வழி, நோயாளரை ஏற்றிக்கொண்டு சோதனைச் சாவடி தாண்டிப் போகிற வெள்ளை வாகனம். விமலேஸ்வரியின் பெயர் அந்தப் பயணத்தில் பதிவாகியிருந்தது. பதிந்தது வேறு யாருமல்ல, தவராசாவின் சேர்வர்தான்.

ஏனென்றால், தவராசா வேலை பார்த்த இடமே நோயாளர் பயண உதவி நிலையம். உள் அறையில் ஒரு கொம்பியூட்டர், முன் கொட்டிலில் ஒன்று. பொறுப்பாளர் யோகலிங்கம் உள் அறையில் இருப்பார். வாகனம் எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு வெளிக்கிடும் என்ற செய்தி வோக்கிடோக்கியில் அவருக்குத்தான் வரும். முன்பெல்லாம் சனம் முற்றத்தைக் கடந்து வந்து அவரிடமே கேட்கும். பொதுமக்களுக்கு உதவுகிற நிலையத்தில் பொதுமக்கள் வந்து கேள்வி கேட்பது அவருக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது. தவராசாவின் சேர்வர் அந்த இடைஞ்சலை நீக்கியது. யோகலிங்கம் செய்தியை உள்ளே தட்டுவார். முன் கொட்டிலில் சனத்துக்குப் பதில் சொல்ல இருத்தியிருந்த இராசமலர் பார்த்துச் சொல்லுவாள்.

இனித் தலைப்பு வரிகளுக்கு வருவோம். ஒரு சேர்வர் பக்கத்தை மொட்டையாகத் தூக்கிக் கொடுப்பதில்லை. நாங்கள் கடிதம் எழுதும்போது மேலே பிள்ளையார் சுழி போட்டு, சிவமயம் எழுதி, வலது பக்கத்தில் இடமும் திகதியும் போட்டுத்தானே விஷயத்துக்கு வருகிறோம். அதுபோலச் சேர்வரும் பக்கத்துக்கு முன்னால் சில வரிகள் அனுப்பும். நான் இன்னார், இன்ன நேரத்தில் அனுப்புகிறேன், இது இன்ன வகைப் பொருள் என்று. வித்தியாசம் ஒன்றுதான்: இந்த வரிகளை மனிதர் யாரும் பார்க்க மாட்டார்கள். கொம்பியூட்டருக்குக் கொம்பியூட்டர் இரகசியமாகச் சொல்லுகிற கதை.

ஆயத்தச் சேர்வர் வைத்திருப்பவனுக்கு அந்த வரிகளும் ஆயத்தமாகவே வரும். தானே எழுதினவனுக்கு என்னவும் போடலாம். தவராசா தம் சேர்வருக்கு இரணைமடு என்று பெயர் வைத்து முதலில் அதைப் போட்டார். பிறகு மனம் கேளாமல் சிவமயம் போட்டார். இடம் தர்மபுரம் என்று போட்டார். ஒருநாள் பெருமை தாங்காமல் யோகலிங்கத்துக்கும் சொல்லிவிட்டார். மனிதர் அடுத்த நாளே நிர்வாகக் குழுவைக் கூட்டினார்.

"அப்ப உந்தத் தலைப்பிலை என்ரை பேர் எங்கை?" என்று யோகலிங்கம் கேட்டார்.

"ஐயா, அது ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரியாட்டில் பரவாயில்லை. இருக்கவேணும்."

குழு மத்தியானம் வரை கூடியது. கடவுளுக்கு மேலே பொறுப்பாளரா, பொறுப்பாளருக்கு மேலே கடவுளா என்பதில் இரண்டு கட்சி. கடைசியில் சிவமயம் முதலில், யோகலிங்கம் அடுத்ததாக, மற்றதெல்லாம் கீழே என்று தீர்மானம். ஆனால் சேர்வர்களின் உலக விதிப்படி எல்லாவற்றுக்கும் முதல் வரியில் இருநூறு என்ற இலக்கம் வரவேண்டும் என்று தவராசா மெல்லச் சொன்னார்.

"ஆரது எனக்கு மேலை?"

"எல்லாம் சரி எண்டு சொல்லுற இலக்கம், ஐயா."

"இஞ்சை எல்லாம் சரி எண்டு சொல்லுறது நான்தானே" என்றார் யோகலிங்கம். இருந்தாலும் உலக விதி என்றபடியால் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார்.

இப்படிச் சேர்ந்த வரிகளுள் ஒன்றுக்கு மட்டும் உண்மையிலேயே வேலை இருந்தது. உள் அறைக் கொம்பியூட்டர் சோலர் தகட்டில் ஏற்றிய கார்ப் பற்றரியில் ஓடியது. இராசமலர் ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொருமுறை பக்கத்தைக் கேட்டால் பற்றரி மத்தியானத்துக்கு முன் படுத்துவிடும். ஆகவே தவராசா ஒரு தலைப்பு வரி சேர்த்தார்: இந்தப் பக்கம் இப்போதிலிருந்து ஐந்து நிமிடத்துக்குச் செல்லுபடியாகும், அதுவரை கையில் உள்ளதையே காட்டு, பிறகு என்னிடம் வந்து கேள். இந்த வரியை எழுதிய அன்று அவர் வீட்டில் புட்டை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்று விமலேஸ்வரி சொல்லியிருக்கிறாள்.

இதற்கிடையில் முன் கொட்டில் கொம்பியூட்டர் மழையில் நனைந்து செத்துப்போக, பதிலுக்கு ஒன்று ஆயிரம் அனுமதிகள் தாண்டி வவுனியாவிலிருந்து வந்து சேர்ந்தது. அதன் நேரம் அரை மணி முந்திக் காட்டியது. அதில் ஒரு புதினமும் இல்லை. 1996இல் அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நாட்டின் மணிக்கூட்டை முன்னால் தள்ளி, பிறகு பாதியைத் திருப்பி எடுத்து, அரை மணி முந்திய இடத்தில் நிறுத்தியிருந்தது. வன்னியில் மிச்சம் பிடிக்க மின்சாரமே இல்லாதபடியால், மணிக்கூடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆக, சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் புதிய நேரம், இந்தப் பக்கம் பழைய நேரம். அந்தப் பக்கத்திலிருந்து எந்த மணிக்கூடு வந்தாலும், அதன் உறையைப் பிரிக்க முதல் முள்ளை அரை மணி பின்னுக்குத் திருகுவது எங்கள் வழக்கம். வந்த விருந்தாளிக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுப்பது மாதிரி. தவராசாவும் கொம்பியூட்டரை மேசையில் ஏற்றி, விபூதி பூசி, நேரத்தை அரை மணி பின்னுக்குத் தள்ளிவிட்டுத்தான் மற்ற வேலை பார்த்தார். சுவர் மணிக்கூட்டோடு ஒத்துப்போனது. இராசமலர் கண்டபடி அமத்தாமல் இருக்க, திரையில் மேலே இருந்த பொத்தான்களையெல்லாம் மறைத்தும் வைத்தார்.

பயண நாள் வந்தது. தவராசா விமலேஸ்வரியைச் சைக்கிளில் இருத்திக் காலையிலேயே நிலையத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். வேப்பமரத்தின் கீழே ஏழெட்டு நோயாளர்கள் ஏற்கெனவே குந்தியிருந்தார்கள். எட்டரை மணிபோல இராசமலர் பார்த்து, வாகனம் ஒன்பதரைக்கு நிலைய வாசலில் என்று சொன்னாள். பேர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அந்த இடம் காத்திருக்கிற இன்னொருவருக்குப் போய்விடும் என்பதையும் வழக்கம்போலச் சொன்னாள்.

அவள் சொல்லி முடித்துக் கொஞ்ச நேரத்தில் உள்ளே வோக்கி கரகரத்தது. பாதையில் ஏதோ பிரச்சினை, வாகனம் நிலையத்துக்கு வராது, சங்கக்கடைச் சந்தியில் நின்று ஒன்பது மணிக்கே வெளிக்கிடும் என்று செய்தி. யோகலிங்கம் அதைத் தம் இரண்டு விரலால் தட்டிச் சேர்த்தார். பிறகு பற்றரிக் கள்ளருக்குப் பயந்து அறையைப் பூட்டிக்கொண்டு, பின்பக்கத்தால் மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சிக்கு ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார். முற்றத்தில் இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தத் தொல்லை இல்லாமற் போகத்தானே சேர்வர் வந்தது.

ஒன்பது மணிக்குக் கிட்ட ஆண்டியப்பன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தான். எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து அடிபட்டு வந்து தர்மபுரத்தில் குடியேறிய குடும்பம். இப்போது கூலிக்கு நெல்லு வெட்டுகிறவன். தாய் மீனம்மாவின் பெயரும் அன்றைய பயணத்தில் இருந்தது.

"அண்ணே, சங்கக்கடைச் சந்தியில வெள்ள வேன் நிக்குது. ஆள் ஏத்துறாங்க. எங்கம்மாவ ஏத்திட்டுத்தான் சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

தவராசா இராசமலரைப் பார்த்தார். அவள் பக்கத்தைத் திறந்தாள். ஒன்பதரை, நிலைய வாசல்.

"அது வேறை வாகனம்" என்றார் தவராசா.

"வேற வாகனம்னா எங்கம்மாவ எதுக்குண்ணே ஏத்துறான்?"

தவராசா எழுந்து போய்த் தாமே பார்த்தார். ஒன்பதரை, நிலைய வாசல். கையில் உள்ளதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகக் கேட்க வைக்க ஒரு விசை இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அதை அமத்துவது, தம் தலைப்பு வரியைத் தாமே நம்பாதது போலாகும். உலக விதிப்படி எழுதிய வரி. அவர் அமத்தவில்லை. உள் அறையில் போய்ப் பார்க்கலாம் என்றால் அது பூட்டியிருந்தது. பொறுப்பாளர் இல்லாத நேரத்தில் செய்தி எப்படி மாறும் என்று அதையே ஒரு சாட்சியாகவும் எடுத்துக்கொண்டார்.

வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு எழும்பினார்கள். ஒரு கிழவர் மட்டும் கொம்பியூட்டரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் நடந்தார். வதந்திக்குப் பின்னால் போகிற சனத்தைப் படித்தவர்கள் பார்க்கிற பார்வையோடு தவராசா அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, ஒருக்காப் போய்ப் பாப்பமே" என்றாள் விமலேஸ்வரி. "இல்லையெண்டால் திரும்பி வருவம்."

"நாங்கள் அங்கை போய் நிக்க, வாகனம் இஞ்சை வந்து பேரைக் கூப்பிட்டால்? கண்ட கண்ட கதையைக் கேட்டு இருக்கிற இடத்தை விடுறதோ?"

"அவன் தாயை ஏத்திப்போட்டு வந்து சொல்லுறான்."

"விமலா, இது ஐஞ்சு நிமிசத்துக்கு மேலை பழசைக் காட்டாது. அப்பிடித்தான் நான் எழுதியிருக்கிறன். இரும்."

ஆண்டியப்பன் சைக்கிள் கரியரைக் கையால் துடைத்தபடி கொஞ்சம் நின்றான். அக்காவை இருத்தினால் தானே தள்ளிக்கொண்டு போவதாக ஒருமுறை சொன்னான். தவராசா சிரித்தார். அவன் போய்விட்டான்.

விமலேஸ்வரி இருந்தாள். அவளுக்கு அந்த நேரம் வேப்பமரத்தின் அடிமரம் மட்டும் தெரிந்தது. ஆட்கள் எழும்பிப் போனது காலடிச் சத்தத்தில்தான் தெரிந்தது.

ஒன்பது தாண்டிக் கொஞ்ச நேரத்தில், சும்மா இருக்க முடியாமல் இராசமலர் பக்கத்தைத் திரும்பத் திறந்தாள். கதிரையைப் பின்னுக்குத் தள்ளினாள். திரையில் சங்கக்கடைச் சந்தி, ஒன்பது மணி என்று இருந்தது. மேலே யாருக்கும் தெரியாத இடத்தில் இருநூறும் சிவமயமும் யோகலிங்கமும் ஒழுங்காக இருந்திருப்பார்கள்.

தவராசா மனைவியைக் கரியரில் இருத்திச் சங்கக்கடைச் சந்திவரை மிதித்த மிதியைத் தர்மபுரம் அதற்கு முதலும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை. சந்தியில் தூசி கூட அடங்கிவிட்டது. சங்கக்கடை வாசலில் நின்ற ஆண்டியப்பன் சைக்கிளைப் பிடித்து விமலேஸ்வரியை இறக்கினான். இடம் ஒன்று வெறுமையாய்த்தான் போனது என்று அவன் சொல்லவில்லை. கடையில் நின்ற இன்னொருவர் சொன்னார்.

பிழையை அன்று பின்னேரமே தவராசா பிடித்துவிட்டார். இலண்டன் நேரத்தில்தான் சேர்வர்கள் செல்லுபடிக் காலத்தைச் சொல்லவேண்டும் என்பது விதி. அவரது சேர்வர், இலண்டன் எங்களுக்கு ஐந்தரை மணி பின்னால் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபடி கணக்குப் பண்ணியது. வவுனியாவிலிருந்து வந்த கொம்பியூட்டர், கொழும்பு சொல்லிக் கொடுத்தபடி ஆறு மணி பின்னால் என்று நம்பியிருந்தது. முள்ளைத் திருகியவர் அந்த நம்பிக்கையைத் திருகவில்லை. இரண்டுக்கும் சுவரில் ஒரே நேரம். இலண்டனில் மட்டும் அரை மணி வித்தியாசம். ஐந்து நிமிடப் பக்கம் அதனால் மேலும் அரை மணி நேரம் உயிரோடு இருந்தது. ஒரு நாளும் இலண்டனைக் காணாத, காணப்போகாத இரண்டு பெட்டிகள், இலண்டனில் மணி என்ன என்பதில் பிணங்கிக்கொண்டன.

நிர்வாகக் குழு கூடியது. நான் கொம்பியூட்டரிலே போட்டனான்தானே என்றார் யோகலிங்கம். அது உண்மை. இராசமலர் பார்த்துச் சொன்னாள், அதுவும் உண்மை. பிழை இயந்திரத்தினுடையது என்று ஏகமனதாகத் தீர்மானித்து, பாதிக்கப்பட்டவருக்கு நிலையத்தின் வருத்தத்தைத் தெரிவிக்கவேண்டும் என்றும் முடிவெடுத்தார்கள். எப்படித் தெரிவிப்பது என்ற கேள்விக்கு யோகலிங்கத்திடமே விடை இருந்தது: இனி ஒவ்வொரு பதிலிலும் 'வருந்துகிறோம்' என்று ஒரு தலைப்பு வரி போகட்டும். தவராசா அதையும் எழுதினார். அன்றிலிருந்து அந்தச் சேர்வர் கேட்டபோதெல்லாம் வருந்தியது.

கண் நிபுணர் அடுத்தமுறை வவுனியாவுக்கு வரப் பல மாதம் சென்றது. அந்தமுறை தவராசா பக்கத்தைப் பார்க்கவில்லை. விடியவே சந்தியில் போய் நின்றார். நிலைய வாசலில் நிற்கச் சொல்லி ஆண்டியப்பனைக் கேட்டிருந்தார். வாகனம் கிடைத்தது. வவுனியாவில் நிபுணர் விமலேஸ்வரியின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். எழும்பிக் கை கழுவிவிட்டு வந்து, நரம்பு செத்துப்போச்சு, இனி வெட்டிப் பிரயோசனமில்லை என்றார். முதலே கொண்டுவந்திருக்கலாமே என்றும் கேட்டார். அவர் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் அது.

திரும்பி வரும் வாகனத்தில் தவராசா எல்லாவற்றையும் சொன்னார். இலண்டன், ஐந்தரை, ஆறு, முள்ளைத் திருகியது, விசையை அமத்தாதது. சொல்லும்போது, தொழில் பற்றிப் பேசுகிறவர்களுக்கு வருகிற ஒரு தெளிவு அவர் குரலில் வந்துவிட்டது. அது அவருக்கே கேட்டது. ஆனால் நிறுத்த முடியவில்லை.

"இப்ப அது சரியா வேலை செய்யுதோ?" என்று விமலேஸ்வரி கேட்டாள்.

"ஓம். திருத்திப்போட்டன்."

அவள் முகத்தை அவர் குரல் வந்த பக்கம் திருப்பினாள்.

"அண்டைக்கு ஆண்டியப்பன் வந்து சொன்னவனெல்லே. அவன்ரை நெத்தியிலையும் ஒரு தலைப்பை எழுதி விட்டிருந்தால் நம்பியிருப்பியளோ?"

தவராசா யன்னலுக்கு வெளியே பார்த்தார். கிளிநொச்சியில் கூரையில்லாத சுவர்கள் போய்க்கொண்டிருந்தன. வாகனம் வடக்கே கொஞ்சத் தூரம் ஓடி, பிறகு வலது பக்கம் திரும்பியது. அதுவரை விமலேஸ்வரியின் இடது கன்னத்தில் இருந்த பின்னேர வெயில் நகர்ந்து முதுகுக்குப் போனது.

"பரந்தன் சந்தியிலை திரும்பியிட்டுதோ?" என்றாள்.

"ஓம்."

அவள் தலையாட்டிவிட்டு, முன் சீற்றின் இரும்புக் கம்பியைக் கையால் தேடி, இரண்டாம் தரத்தில் பிடித்துக்கொண்டாள்.